வாக்களித்தவர் யார்?

சென்ற தவக்காலத்தின் நடுவே ஒரு மாலைப்பொழுதில், முன்பு நம்மிடம் பொருளியல் பயின்ற மாணவி ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். இப்போது அவர் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருக்கிறார். தென் மாவட்டங்களில் உயர்கல்வியில் சேருவோர் பெருகியிருக்கும் அளவுக்கு அப்பகுதியில் பட்டதாரிகளுக்கு ஏற்ற வேலையும் பெருகியிருக்கிறதா என்பது அவரது ஆய்வுப் பொருள். தாமிரபரணிக் கரையூர்களிலும் கடற்கரைச் சிற்றூர்களிலும் சுற்றி, நாற்பது பட்டதாரிகளை அவர் நேரில் கண்டு பேசியிருக்கிறார். அவ்வுரையாடல்களை எழுத்தில் வடித்த தாள்கட்டு ஒன்றை நம் கையில் தந்து, "மொழிநடையை மட்டும் பார்த்துத் தாருங்கள் சார்" என்று கேட்டுக்கொண்டார். ஆய்வு அறத்தின்படி யார் பெயரும் அதில் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் மட்டுமே.

மொழிநடையைப் பார்க்க உட்கார்ந்த நாம் பதினேழாம் எண்ணுக்கு வந்தபோது அப்படியே நின்றுவிட்டோம். வயது முப்பத்தைந்தை நெருங்குபவர். முதுகலைப் பட்டதாரி. சொந்த ஊரில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கு எழுதுகிறார். சரக்கு வந்தால் மூட்டையும் இறக்குகிறார். கல்லூரியில் சேர முடிவெடுத்தது எப்படி என்ற கேள்விக்கு அவர் தந்த மறுமொழியில், வகுப்பில் தம் ஆசிரியர் கூறியதாக ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தார். முதலில் ஒரு பட்டத்தை வாங்கிவிடு, பிறகு மற்றவை தாமாக வந்து சேரும் என்பது அதன் பொருள். சொற்கள் நம்முடையவை. முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒவ்வொரு சூன் மாதமும் புதிதாக வந்தவர்கள் முன்னிலையில் நாம் கூறியவை. அடுத்து அவர் சொன்னதுதான் நம்மை உறங்கவிடவில்லை. "சார் பொய் சொல்ல மாட்டாங்க. அதனாலதான் மேல படிச்சேன்." அதில் குற்றச்சாட்டின் தொனி இல்லை. நம்மை நல்லவர் என்றே அவர் இன்றும் கருதுகிறார்.

நாம் சொன்னது பொய்யா? நாம் பொய்யென்று அறிந்து அதைச் சொல்லவில்லை. ஆனால் அது மெய்யாகவும் இல்லை. பெற்றோரும், ஆசிரியரும், பங்குத்தந்தையரும், அரசும் ஒரே குரலில் ஒரு தலைமுறைக்கு அளித்த வாக்கு இது. வாக்கு நிறைவேறாதபோது யாரிடம் போய்க் கேட்பது? எல்லாரும் அளித்த வாக்கு, யாருமே அளிக்காத வாக்காகிவிடுகிறது. இதுவே சில மாதங்களாக நம் மனத்தை அரித்துவரும் கேள்வி. இதனை வாசகர்கள் முன் வைப்பதில் நமக்குச் சிறிது தயக்கமும் உண்டு. ஏனெனில் நம் வீடுகளில் பெரும்பாலானவற்றின் நம்பிக்கை இந்த வாக்கின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

முதலில் நடந்ததன் அளவைப் பார்ப்போம். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021–22ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47. நாட்டின் சராசரி 28.4. அதாவது 18 முதல் 23 வரையிலான வயதுடையோரின் எண்ணிக்கை நூறு எனில், தமிழ்நாட்டில் உயர்கல்வியில் இருப்போரின் எண்ணிக்கை நாற்பத்தேழு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நாடு முழுமைக்கும் 2035க்குள் 50ஐ எட்ட வேண்டும் என்று குறித்திருக்கிறது. தமிழகம் ஏறத்தாழ அங்கே வந்துவிட்டது. மார்ட்டின் டிரோ என்ற அமெரிக்கச் சமூகவியலார் 1973இல் உயர்கல்வியை மூன்று நிலைகளாகப் பிரித்தார். பதினைந்து விழுக்காடு வரை அது மேட்டுக்குடியினரின் உரிமை. ஐம்பது வரை வெகுமக்கள் கல்வி. அதற்கு மேல் அனைவருக்குமான கல்வி. அளவு மாறும்போது கல்வியின் பொருளும் மாறுகிறது என்பதே அவர் வாதத்தின் உயிர். முதல் நிலையில் பட்டம் ஒரு சலுகை; இரண்டாம் நிலையில் ஓர் உரிமை; மூன்றாம் நிலையிலோ அது ஏறக்குறைய ஒரு கட்டாயம். பட்டம் இருப்பது பெருமையாக இருந்த காலம் போய், இல்லாதிருப்பது குறையாகும் காலம் வந்துவிடுகிறது. நாம் முதல் நிலையில் படித்தவர்கள். இரண்டாம் நிலையில் கற்பித்தவர்கள். முதல் நிலையின் சொற்களையே கடைசிவரை பேசிக்கொண்டிருந்தவர்கள்.

இந்த எண்களிலும் ஒரு நுட்பம் உண்டென்று நம் மாணவி சுட்டிக்காட்டினார். மாணவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை வைத்து அல்ல, கல்லூரி எங்கே இருக்கிறது என்பதை வைத்தே சேர்க்கை கணக்கிடப்படுகிறது. கல்லூரிகள் மலிந்த ஒரு மாவட்டத்தில், அம்மண்ணின் பிள்ளைகள் சேராவிடினும், விகிதம் உயர்ந்து தோன்றும். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று அழைத்து மகிழ்வது நம் வழக்கம். தூய யோவான் கல்லூரி 1878இலும், தூய சவேரியார் கல்லூரி 1923இலும் அங்கே தோன்றின. 1990இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அந்நகரின் வகுப்பறைகளில் அமர்ந்தவர்கள் நான்கு திசைகளிலிருந்தும் வந்தவர்கள். ஆக்ஸ்போர்டு என்ற பட்டப்பெயரைக் கேட்டு மகிழ்ந்த நாம், அங்கே படித்து முடித்தவர் பிழைக்க எங்கே போனார் என்று கேட்டதில்லை.

வேலையைக் கணக்கிடும் முறையோ இன்னும் வியப்பானது. 2017 முதல் நடத்தப்பெறும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், கணக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில் ஏதேனும் ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வாராந்தரக் கணக்கின்படி வேலையில் இருப்பவரே. ஆண்டுக் கணக்கிலோ, ஆண்டின் பெரும்பகுதி வேலையின்றி இருந்து முப்பது நாள் ஏதாவது செய்திருந்தால் போதும். தந்தையின் கடையில் ஊதியமின்றி உட்கார்ந்திருப்பவரும் வேலையில் உள்ளவரே. இம்முறையில் தவறில்லை, உலகெங்கும் ஏறக்குறைய இவ்வாறுதான் கணக்கிடுகிறார்கள். வேளாண்மையும் சிறுதொழிலும் நிறைந்த நாட்டில் வேறு வழியும் அரிது. ஆனால் இந்தக் கணக்கின்படி நம் பதினேழாம் எண்ணுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அவர் பங்கேற்பு விகிதத்தை உயர்த்தியவர். வேலையின்மை விகிதத்தைக் குறைத்தவர். இரண்டு பட்டியலிலும் அவர் ஒரு வெற்றி.

இருபத்து மூன்றாம் எண்ணாகக் குறிக்கப்பட்டவர் ஒரு பெண். கணிதத்தில் முதுகலையும் அதன் மேல் கல்வியியலும் முடித்தவர். தென்காசிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளைப் போல அவர் வீட்டிலும் தாய் பீடி சுற்றியே மகளைப் படிக்கவைத்தார். பீடித் தொழிலாளர் நலநிதியிலிருந்து கிடைத்த கல்வி உதவித்தொகையும் துணைநின்றது. மகள் சில ஆண்டுகள் தனியார் பள்ளி ஒன்றில் கற்பித்தார். அங்கே தந்த மாத ஊதியம் பேருந்துக் கட்டணம் போக என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, இப்போது தாயின் அருகில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். ஆய்வாளர் போனபோது இருவரும் இலை நறுக்கிக்கொண்டிருந்தார்களாம். அவரும் கணக்கில் வேலையில் இருப்பவரே. அவரது வகுப்புத் தோழியர் பலர் மணமாகி இல்லத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வேலை தேடவில்லை என்று சொல்வதால், வேலையற்றோர் பட்டியலிலும் இடம்பெறாமல், தொழிலாளர் தொகுதிக்கே புறம்பாகிவிடுகிறார்கள். தேடிச் சலித்து நிறுத்தியவரையும், தேட விடப்படாதவரையும், தேட விரும்பாதவரையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகிறது அந்தப் பட்டியல்.

இனி வாக்குக்கு வருவோம். பங்குத் திருவிழாவில் சப்பரம் தெருவில் வரும்போது, முன்னால் நிற்பவர் ஒருவர் குதிகாலை உயர்த்தினால் அவருக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் உயர்த்தினால் யாருக்கும் கூடுதலாகத் தெரிவதில்லை. கால் வலிதான் மிச்சம். பிரெட் ஹிர்ஷ் என்ற பொருளியலார் 1976இல் வளர்ச்சியின் சமூக எல்லைகளைப் பற்றி எழுதியபோது, குதிகாலை உயர்த்துவதைக் காட்டியே கல்வியைப் பற்றிய வாதத்தை விளக்கினார். ஒருவனிடம், நீ படித்தால் முன்னேறுவாய் என்று சொல்வது மெய். ஆயிரம் பேரைத் தனித்தனியே அழைத்து அதையே சொன்னால் ஒவ்வொரு முறையும் அது மெய்யே. ஆயிரம் பேரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும். ஒவ்வொருவருக்கும் மெய்யாக இருப்பது அனைவருக்கும் பொய்யாவது எங்ஙனம் என்பதைத் தர்க்கத்தில் கற்றிருக்கிறோம். பொருளியல் வகுப்பில் கற்பித்தும் இருக்கிறோம். அதே வகுப்பில், அதே கரும்பலகையின் முன் நின்று, அந்தப் பிழையையே அறிவுரையாகவும் வழங்கியிருக்கிறோம்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2022இல் நடத்திய நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 22 லட்சம். ஓரிடத்திற்கு முந்நூறு பேர். இத்தேர்வுக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பே. ஆனால் எழுத வருபவர்களில் இளங்கலையும் முதுகலையும் பொறியியலும் முடித்தவர்கள் திரளாக இருப்பது ஊரறிந்த செய்தி. பட்டதாரிகளின் துயரம் பற்றிப் பேசும் நாம் இங்கே இன்னொருவரைக் காண மறந்துவிடுகிறோம். அந்த இடம் யாருக்காக வைக்கப்பட்டதோ அந்தப் பத்தாம் வகுப்புக்காரர் எங்கே? பட்டதாரி ஒரு படி கீழே இறங்கி அமர்ந்தபோது, அங்கே அமர வேண்டியவர் தரைக்குத் தள்ளப்பட்டார். அவர் யாருடைய ஆய்விலும் ஓர் எண்ணாகக்கூட இல்லை. அவருக்கு யாரும் வாக்களிக்கவும் இல்லை.

இது புதிய நோயன்று. மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மொரீன் உட்ஹால் என்ற மூவர் இந்தியப் பட்டதாரிகளின் வேலையின்மைக்கான காரணங்களை ஆராய்ந்து 1969இலேயே ஒரு நூல் எழுதினர். பட்டதாரி தன் தகுதிக்கேற்ற வேலைக்காகக் காத்திருக்கிறான். காத்திருந்த பிறகும் படிக்காதவனைவிடச் சற்றுக் கூடுதலாக ஈட்டுகிறான். ஆகவே அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் படிப்பு இழப்பன்று. எனவே கூட்டம் குறைவதில்லை என்று அவர்கள் விளக்கினர். ரொனால்ட் டோர் 1976இல் வெளியிட்ட நூலில் இதற்குப் பட்டயப் பிணி என்றே பெயர் சூட்டினார். அவர் எடுத்துக்காட்டிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. படித்த இளைஞர் பலர் கலந்துகொண்ட 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அத்தீவைக் குருதியில் நனைத்தது. அதே ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு டட்லி சியர்ஸ் தலைமையில் அனுப்பிய குழு, வேலையின் அளவு மட்டுமன்று, படித்தோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையிலான விலகலுமே சிக்கல் என்று கண்டது. இந்நூல்களெல்லாம் நம் கல்லூரி நூலகத்தில் இருந்தன. சிலவற்றை நாமே பரிந்துரைத்து வாங்கவைத்தோம்.

எனவே நாம் அறியாதவர் அல்லர். புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றித் தனி நூலே எழுதியவர். ஏமாற்றும் நோக்கமே பொய்யின் சாரம் என்பது அவர் கருத்து. அந்த அளவுகோலில் நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஏமாற்றும் எண்ணம் நமக்கு அணுவளவும் இருந்ததில்லை. ஆயினும் அறியக் கூடியதை அறிய முயலாமல் இருந்தது எந்தக் கணக்கில் சேரும்? கல்லூரியின் விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தோம். இந்திய ஆட்சிப் பணியில் இருப்பவர், மருத்துவர், அயல்நாட்டில் பேராசிரியர், வங்கியின் மேலாளர் என்று நம் முன்னாள் மாணவர் படங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அவற்றை வகுப்பில் காட்டியிருக்கிறோம். "இவரும் உன்னைப்போல் இந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்தான்" என்று சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு படமும் உண்மை. அதே பெஞ்சில் அவருக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் அமர்ந்திருந்தவர்கள் என்னவானார்கள் என்பதை நாம் தேடவில்லை. தேடாததற்குக் காரணம் நேரமின்மை என்று சொல்லிக்கொள்ளலாம். உள்ளபடி சொல்வதானால், தெரிந்துகொள்ளாமல் இருப்பது நம் தொழிலுக்கு வசதியாக இருந்தது.

நம் நண்பர் ஒருவர், அவரும் ஓய்வுபெற்ற பேராசிரியர், இந்தக் குழப்பத்தைக் கேட்டுவிட்டுக் கடிந்துகொண்டார். கல்வி வேலைக்காகவா? அது மனிதனை மனிதனாக்குவது. வேலை கிடைக்கவில்லையென்று கல்வியைப் பழிப்பது, மழை வரவில்லையென்று வானத்தின் அழகைப் பழிப்பதற்கு ஒப்பாகும் என்றார். அழகான ஒப்புமைதான். மாதத்தின் முதல் நாளில் ஓய்வூதியம் வங்கிக்கணக்கில் வந்து விழும் இருவர் திண்ணையில் அமர்ந்து பேசுவதற்கு ஏற்றதும்கூட. நண்பர் சினங்கொள்ளமாட்டார் என்ற துணிவில் இதை எழுதுகிறோம்.

அமர்த்தியா சென் 1975இல் வேலைவாய்ப்பு பற்றி எழுதிய நூலில், வேலை என்பதற்கு மூன்று முகங்கள் உண்டென்று பிரித்துக் காட்டினார். அது வருமானம் தருகிறது. பொருள் ஒன்றை ஆக்குகிறது. பயனுள்ள ஒன்றில் ஈடுபட்டிருக்கிறோம் என்ற மதிப்பையும் தருகிறது. நம் பதினேழாம் எண்ணுக்கு முதலாவது ஓரளவு கிடைத்திருக்கிறது. இரண்டாவதிலும் குறையில்லை, அவர் இல்லாவிடில் அந்தக் கடை ஒரு நாள் ஓடாதாம். கிடைக்காதது மூன்றாவது. தங்கை திருமணப் பேச்சில், அண்ணன் என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் அவர் தாய், "எம்.ஏ. முடிச்சிருக்கான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாராம். படிப்பு அவருடைய வேலையைக் குறைவாக்கிவிட்டது. படிக்காமல் அதே கடையில் கணக்கு எழுதியிருந்தால், ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்று புகழ்ந்திருக்கும். கல்வி மனிதனை மனிதனாக்குகிறது என்று சொல்லும் நாம், நேர்மையான ஓர் உழைப்பைக் கண்டு ஒருவர் வெட்கப்படும்படி செய்தது அதே கல்விதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

ஆனாலும் நண்பர் சொன்னதை முழுதும் தள்ளிவிட முடியவில்லை. முப்பத்தோராம் எண்ணுடைய பெண்மணி வணிகவியல் பட்டதாரி. வேலை எதிலும் இல்லை. ஊரில் யாருக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுவருகிறார்கள். நிலப்பட்டாவில் பெயர் தவறாகப் பதிவான மூதாட்டிக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவர் ஏழு முறை நடந்து அதைத் திருத்தினார். குழு மகளிரிடம் அடையாள அட்டைகளை வாங்கிக்கொண்டு கடன் தந்த ஒருவனின் தாளை வரி வரியாகப் படித்து, கையெழுத்திடாதீர்கள் என்று தடுத்திருக்கிறார். "இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை சார்" என்றார் நம் மாணவி. வேலை என்ற கட்டத்தில் எழுத முடியாது, ஊதியமில்லை. வேலையின்மை என்ற கட்டத்திலும் முடியாது, அவர் தேடவில்லை. பட்டம் வீணாயிற்று என்று அவர் வீட்டில் சொல்கிறார்கள். அந்த மூதாட்டியைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்.

இங்கே ஒரு சிறு செய்தியையும் குறிக்கத் தோன்றுகிறது. 2010 முதல் தமிழக அரசு, குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை அளித்துவருகிறது. எண்ணற்ற வீடுகளின் கதவைத் திறந்த திட்டம் அது. ஆனால் அக்காள் பட்டம் பெற்றிருந்தால் தம்பிக்கு அச்சான்றிதழ் இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் ஏறிவிட்டால் வீடே ஏறிவிட்டது என்பது இதன் உட்பொருள். பட்டம் பெற்ற அக்காள் பீடித் தட்டோடு அமர்ந்திருக்கும் வீட்டில் இந்த உட்பொருளை எப்படி வாசிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தோம்.

வேலை கிடைத்தவர்களோ ஊரில் இல்லை. சென்னை, திருப்பெரும்புதூர், ஓசூர், பெங்களூர், வளைகுடா என்று போய்விட்டார்கள். ஆகவே ஒரு வட்டாரத்தில் கல்வி எவ்வளவுக்கு வெற்றி பெறுகிறதோ அவ்வளவுக்கு அவ்வட்டாரம் வெறுமையாகிறது. பூட்டிய வீடுகளும், காணொலியில் பேரப்பிள்ளைகளைக் காணும் முதியோரும், திருவிழாவுக்கு மட்டும் நிறையும் கோவிலும் நாம் அறியாதவை அல்ல. எஞ்சியவரைக் குறிக்க ஊரில் ஒரு சொல் இருக்கிறது: "ஊர்லதான் இருக்கான்." பிறந்த மண்ணில் வாழ்வது எப்போது பழிச்சொல் ஆனது? படித்தவனின் வெற்றிக்கு அடையாளம் அவன் இங்கே இல்லாமலிருப்பது என்று நாமும் கற்பித்தோம். விழா மலரின் படங்களில் ஊரிலேயே இருந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

வேலையை நோக்கி மனிதர் போவதற்கு மாறாக மனிதரை நோக்கி வேலை வருவதும் முடியாததன்று. 2000இல் சென்னையில் டைடல் பூங்கா திறக்கப்பட்டபோது மென்பொருள் என்றாலே தலைநகர் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. கால் நூற்றாண்டுக்குப் பின்னர், 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் அதன் சிறு வடிவம் ஒன்று திறக்கப்பட்டது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. வேடிக்கை என்னவெனில், பள்ளிப்படிப்பை முடித்தவர்களைத் தானே பயிற்றுவித்து, கல்லூரிப் பட்டம் கேட்காமலே வேலைக்கு எடுத்துக்கொள்வதில் பெயர்பெற்ற நிறுவனம் அது. ஊருக்கு வந்த வேலை பட்டத்தைக் கேட்கவில்லை! இதைக் கொண்டு கல்லூரிகளை மூடிவிடலாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஒரு நிறுவனம் ஒரு மாவட்டத்தைத் தாங்கிவிடாது. ஆனால் பட்டத்துக்கும் வேலைக்கும் இடையில் நாம் கண்ட பிணைப்பு இயற்கை விதியன்று என்பதற்கு இது சான்று.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய 'லபோரெம் எக்செர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலில், படித்தோரின் வேலையின்மையைத் தனியே எடுத்துப் பேசுகிறார். கல்வி சமூகத்தின் மெய்யான தேவைகளை நோக்காதபோதும், கல்வி வேண்டும் பணிகளுக்குத் தேவை குறையும்போதும் அது நேர்கிறது என்கிறார். அதற்குச் சற்று முன்னதாக மறைமுகமாக வேலையளிப்பவர் என்ற கருத்தை அவர் முன்வைக்கிறார். ஒருவரை நேரடியாக வேலைக்கு அமர்த்துபவர் மட்டுமன்றி, அந்த வேலையின் நிலைமைகளை வகுக்கும் அரசும் அமைப்புகளும் நிறுவனங்களும்கூடப் பொறுப்பாளிகளே. இதைப் படிக்கும்போது நம் விரல் இயல்பாகவே அரசை நோக்கி நீளும். கொஞ்சம் பொறுங்கள். பட்டதாரிகளையும் முனைவர்களையும் சுயநிதிப் பிரிவில் அமர்த்தி, அதே பணியைச் செய்யும் அரசு உதவிபெறும் பிரிவினரின் ஊதியத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் தந்துவரும் கல்வி நிறுவனங்கள் தமிழகத்தில் எத்தனை? அவற்றுள் நம்மவர் நடத்துபவை இல்லையா? பட்டதாரிகளை உருவாக்கும் இடமே பட்டதாரிகளின் உழைப்பை மலிவாக வாங்கும் இடமாகவும் இருக்கிறது. நாம் பணியாற்றிய கல்லூரியிலும் இது நடந்தது. அடுத்த மேசையில் அமர்ந்து அதே விடைத்தாள்களைத் திருத்திய இளைஞரின் ஊதியம் என்னவென்று நமக்குத் தெரியும். தேநீர் வாங்கிக்கொடுத்ததைத் தவிர நாம் எதுவும் செய்ததில்லை.

முனைவர் பட்டம் பெற்றபின் என்ன செய்வதாக எண்ணம் என்று நம் மாணவியைக் கேட்டோம். அவர் சிரித்தார். "நாற்பத்தொன்றாம் எண் நான்தான் சார்." நான்கு ஆண்டுகள் பட்டதாரிகளின் வேலையை ஆராய்ந்தவருக்கு, அந்த ஆய்வுக்குக் கிடைக்கும் பட்டத்தால் வேலை கிடைக்குமா என்பது உறுதியில்லை. அது தெரிந்தே அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். அவரை இந்த வழியில் ஊக்கியவர் யார் என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்த நாம் விரும்பவில்லை.

பதினேழாம் எண் யாரென்று நமக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் வரிசையில் சன்னலோரம் அமர்வார்; கையெழுத்து அழகாக இருக்கும். நேரில் சென்று அவரிடம் பேச வேண்டும், என் சொல் தவறிவிட்டது தம்பி என்று சொல்ல வேண்டும் என்று மனம் துடித்தது. ஆனால் பெயர் வெளிப்படாது என்று நம் மாணவி அவருக்கு உறுதி கூறியிருக்கிறார்; அந்த உறுதியை நம்பியே அவர் மனம் திறந்திருக்கிறார். நாம் போய் நின்றால் அந்த உறுதி உடையும். முன்பு அளித்த ஒரு வாக்கின் கடனைத் தீர்க்க, இன்னொருவர் அளித்த வாக்கை உடைப்பது முறையாகாது. அந்த ஊர் வழியே போகும் பேருந்தில் இருமுறை சென்றோம். இறங்கவில்லை.

மே மாதத்தில், ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்கில் நடைபெற்ற உயர்கல்வி வழிகாட்டுக் கூட்டத்துக்கு வழக்கம்போல் நம்மைப் பேச அழைத்திருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் அறுபது பேர் இருந்தார்கள். மேலே எழுதியவற்றுள் சிலவற்றை, ஆள் அடையாளம் தெரியாதவாறு, எளிய சொற்களில் கூறினோம். இளைஞர் குழுவினருக்கு அவ்வளவாக உவக்கவில்லை. ஊக்கம் தரும் உரையை எதிர்பார்த்திருந்தார்கள். இறுதியில் ஒரு தாய் எழுந்து, "அப்போ பிள்ளையைப் படிக்கப் போட வேண்டாமா சார்?" என்று கேட்டார்.

படிக்க வையுங்கள் அம்மா என்றோம். சேர்ப்பதற்கு முன், அந்தப் பாடத்தை முடித்தவர்கள் இப்போது எங்கே, என்ன செய்கிறார்கள் என்று கல்லூரியிடம் கேளுங்கள். வெற்றிபெற்ற நால்வரைப் பற்றியன்று, வகுப்பில் இருந்த அத்தனை பேரைப் பற்றியும் கேளுங்கள் என்றோம். இங்கிலாந்தில் 2018 முதல், படிப்பை முடித்தவர்களைப் பதினைந்து மாதங்கள் கழித்துத் தேடி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு வெளியிடுகிறார்கள் என்பதையும் சொன்னோம்.

"கேட்டா சொல்வாங்களா சார்? நீங்க இருந்த காலேஜ்ல அப்படி எழுதி வச்சிருந்தீங்களா?" என்றார் அவர்.

இல்லை என்று சொன்னோம்.